வேடியப்பனுக்கு ஒரு பெயர் இருந்தது

தருமபுரிப் பக்கம் நிலத்தோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்கள் பலவற்றை ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்றே கும்பிடுகிறார்கள். பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைக்கு அந்தப் பெயரையே சூட்டுகிறார்கள். பல்லவர் காலத்துக் கற்களில் உள்ள வட்டெழுத்தைப் படித்தால் தெரியும், சாமியாகும் முன் அவன் ஒரு மனிதன். இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன், மாடு கவர வந்தவர்களோடு பொருது பட்டான் என்றிருக்கும்.

கல் அவன் செத்ததைச் சொல்கிறது. அன்று காலை வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினான், புறப்படுமுன் கை நடுங்கியதா, இதெல்லாம் அவன் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் யாரோ சொல்லாமல் விட்டார்கள், யாரோ கேட்காமல் விட்டார்கள்.

1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. தருமபுரி அப்போது அதற்குள் இருந்தது; 1965-இல்தான் தனி மாவட்டமானது. செத்தவர்களின் கணக்கை அரசாங்கம் எழுதி வைத்தது. எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், விதைக் கேழ்வரகில் கைவைக்க விடாமல் யார் தடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. எங்காவது மிச்சம் இருந்தால் ஓர் ஆயாவின் வாயில்தான் இருக்கும்.

இன்று பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், பனியன் வேலைக்குத் திருப்பூருக்கும் போய்விட, பிள்ளைகள் ஆயா தாத்தாவிடம் வளர்கிறார்கள். அந்தப் பிரிவின் வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திண்ணையில் வேறொன்றும் நடக்கிறது. பெற்ற பிள்ளையிடம் பெரியவர்கள் கெத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடனுக்கு நிலம் போனதை, பசியில் அழுததை, ஊரை விட்டு ஓடிவிட நினைத்ததை அவனிடம் மறைத்தே வளர்த்திருப்பார்கள். பேத்தியிடம் அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. மகனுக்குச் சொல்லாததை அவளிடம் சொல்கிறார்கள். பயந்தவர்களும் தோற்றவர்களும் மறுநாள் எழுந்து ஏர் பூட்டினார்கள் என்று அவளுக்குத் தெரிகிறது. வீரத்தைக் கல்லில் வெட்டலாம். பயத்தை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு, அதையும் கேட்க ஒரு பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும்: “அப்போ நீ பயந்தியா ஆயா?” அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பெரியவர்கள் யாரும் குறுக்கே பேசாதீர்கள்.