பத்தியம் யாருடையது?

நீரிழிவு நோயாளி ஒருவர் தம் வீட்டில் சோற்றையும் இட்லியையும் பெரிதும் குறைத்து, முட்டை, மீன், கீரை, பனீர், நிலக்கடலை எனத் தேர்ந்து உண்டு, இரத்தச் சர்க்கரையைப் பல ஆண்டுகளாகக் கட்டுக்குள் வைத்திருக்கலாம். அவரே வேறொரு நோய்க்காகவோ அறுவை சிகிச்சைக்காகவோ மருத்துவமனையில் சேர்ந்த மறுநாள் காலை, ‘சுகர் டயட்’ என்று சீட்டு ஒட்டிய தட்டில் மூன்று இட்லியும் சாம்பாரும் சர்க்கரை போடாத காப்பியும் அவர் முன் வைக்கப்படும்போது, அத்தட்டை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டா என்ற கேள்வி எழுகிறது. பார்வைக்கு இது சமையற்கூடத்தைச் சேர்ந்த சிறு சச்சரவு. ஆயினும், ஒரு மனிதர் தம் உடலைப் பற்றி நீண்ட நாள் பழகிச் சேர்த்த அறிவு, அவர் நோயாளி என்ற பெயரை ஏற்று மருத்துவமனைப் படுக்கையில் படுத்தவுடன் என்ன மதிப்பைப் பெறுகிறது என்ற பழைய மெய்யியல் கேள்வியும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

மாவுச்சத்து என்பது அரிசி, கோதுமை, கேழ்வரகு, கிழங்கு, பழம், சர்க்கரை ஆகியவற்றில் மிகுந்திருந்து, செரிமானத்தின்போது குளுக்கோசாக உடைந்து இரத்தத்தில் கலக்கும் சத்து ஆகும். அளவைப் பொறுத்து ஓர் இட்லியில் 8 முதல் 12 கிராம் வரையிலும், ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராமும் மாவுச்சத்து இருக்க, ஒரு முட்டையில் அது 1 கிராமுக்கும் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு, இந்தியர் உண்ணும் கலோரிகளில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருவதாகக் காட்டியிருக்கிறது. இப்பின்னணியில் பார்த்தால், மருத்துவமனைத் தட்டு நோயாளிக்கு எதிரான சதி ஆகாது; அது ஊரார் தட்டின் சர்க்கரை நீக்கிய படியே. காப்பியில் ஒரு கரண்டிச் சர்க்கரையைத் தவிர்த்துவிட்டு, முப்பது கிராம் மாவுச்சத்தை இட்லியாகத் தரும் முரண் அங்கே யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

இம்முரணை முழுதும் விளங்கிக்கொள்ள, இதற்கு நேர்மாறான நிலை நிலவிய காலத்தைப் பார்க்க வேண்டும். இன்சுலின் வருமுன், மாவுச்சத்தைக் குறைப்பதே நீரிழிவுக்கு மருத்துவர் அறிந்த முதன்மையான வழியாக இருந்தது. பிரித்தானியப் பீரங்கிப் படையின் மருத்துவரான ஜான் ரோலோ, கேப்டன் மெரிடித் என்ற அதிகாரிக்குப் பெரும்பாலும் இறைச்சியாலான உணவை விதித்து, அதன் பயனை 1797இல் நூலாக வெளியிட்டார். 1870–71இல் பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டு உணவு அருகியபோது, தம் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைப் புஷார்தா என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டார். நேப்பிள்ஸ் நகரின் கன்டானி இன்னும் ஒருபடி மேலே சென்று, பத்தியம் மீறாதிருக்க நோயாளிகளை அறையில் வைத்துப் பூட்டினார். இந்த மரபின் உச்சமாக வந்தவர், நியூயார்க்கில் ராக்பெல்லர் கழகத்தின் மருத்துவமனையில் 1914 முதல் பணியாற்றிய பிரெடரிக் ஆலன். சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை நோயாளியைப் பட்டினியிட்டு, பிறகு உயிர் தாங்கும் அளவுக்கு மட்டும் உணவளிப்பது அவருடைய முறை. காய்கறிகளைக்கூட மும்முறை நீர் மாற்றி வேகவைத்து, கரையக்கூடிய மாவுச்சத்தை வடித்துவிட்டே கொடுத்தனர்.

ஆலன் 1919இல் வெளியிட்ட ஆவணத்தில், பார்வை இழந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய குறிப்பு உள்ளது. கண்டிப்பான பத்தியத்திலும் அவனுடைய சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருக்க, காரணம் தேடியவர்கள், அவன் பற்பசையையும், ஆசையாகக் கேட்டுப் பெற்ற கானரிப் பறவையின் கூண்டிலிருந்த தானியத்தையும் தின்று வந்ததைக் கண்டுபிடித்தனர். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவான்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், ஆலனின் கண்காணிப்பில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இப்பத்தியத்தைக் கைக்கொண்டு, 1922 ஆகஸ்டில் டொராண்டோவுக்கு இன்சுலின் நாடிச் சென்றபோது சுமார் 20 கிலோ எடையே இருந்தாள். அதன்பின் அவள் 1981 வரை வாழ்ந்தாள். ஆலனைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அப்பட்டினியே அவளை இன்சுலின் வரும்வரை உயிரோடு வைத்திருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அன்று மருத்துவமனை மாவுச்சத்தைப் பறித்தது, நோயாளி திருட்டுத்தனமாக அதைத் தின்றான். இன்று மருத்துவமனை மாவுச்சத்தைத் தருகிறது, நோயாளி அதை உடனிருப்பவரிடம் தள்ளிவிட்டு, டிபன் கேரியரில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட அவித்த முட்டையை உண்கிறார். இடையில் மருத்துவ அறிவு மாறியிருக்கிறது, உணவு மாறியிருக்கிறது. மறைத்து உண்பது மட்டும் அப்படியே நீடிக்கிறது. ஆகவே சிக்கலின் வேர் எந்த உணவு சரி என்பதில் மட்டும் இல்லை. கட்டளையிடுபவருக்கும் உண்பவருக்கும் இடையே பேச்சு அறுந்துபோகும் இடத்திலும் அது இருக்கிறது.

இந்திய மருத்துவ மரபு இவ்விடத்தைத் தனக்கே உரிய முறையில் எண்ணிப் பார்த்திருக்கிறது. மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி என்ற நான்கு கால்களில் சிகிச்சை நிற்கிறது என்று சரக சம்ஹிதை சொல்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் நான்கு கூறுகளையே சொல்லி, ஆனால் நோயாளியை முதலில் வைத்து முடிகிறது. இவ்வரிசை யாப்பின் தேவையால் அமைந்ததாகவும் இருக்கலாம் என்பதால் அதன்மீது பெரிய கோட்டை கட்ட வேண்டியதில்லை. சரகர் நோயாளிக்கு வகுக்கும் நான்கு குணங்களே இங்கு முக்கியம்: நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நோயைப் பற்றி எடுத்துரைக்கும் திறன். கீழ்ப்படிதலும் எடுத்துரைத்தலும் ஒரே பட்டியலில் அருகருகே நிற்கின்றன. இன்றைய வார்டு இவற்றுள் இரண்டாவதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நான்காவதைக் கைவிட்டுவிட்டது எனலாம். குளுக்கோமீட்டரில் நாள்தோறும் விரல் நுனியைக் குத்திப் பார்த்து, எந்த உணவுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கு வைத்திருக்கும் நோயாளியிடம் சேர்க்கையின்போது கேட்கப்படுவது, பெரும்பாலும் சைவமா அசைவமா என்பதுதான்.

மேலைச் சிந்தனை இக்கேள்வியைத் தன்னுரிமை வழியாக அணுகும். ஒருவருடைய உடல்மீதும் உள்ளத்தின்மீதும் அவரே இறையாண்மை உடையவர், பிறருக்குத் தீங்கு நேராதவரை அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வாதிட்டார். இதன்படி இட்லியைத் தொடாமல் விடுவது நோயாளியின் சொந்த விவகாரம். ஆனால் வார்டில் தட்டுக்கும் உடலுக்கும் இடையே செவிலியரின் ஊசி நிற்கிறது என்பதை இவ்வாதம் காணத் தவறுகிறது. உணவுக்குச் சற்று முன் போடப்படும் விரைவு இன்சுலின், வரப்போகும் தட்டில் 45 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் கணக்கிடப்படுவது. நோயாளி ஒன்றும் சொல்லாமல் இட்லியை ஒதுக்கிவிட்டு முட்டையை உண்டால், சரியான அளவில் போட்ட அதே ஊசி சற்று நேரத்தில் சர்க்கரையை 70 மில்லிகிராமுக்குக் கீழே இழுத்து, வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் என்று ‘லோ சுகர்’ நிலையில் தள்ளிவிடக்கூடும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இவ்வாறே செய்யும். அங்கு உண்ணுதல் தனிமனிதச் செயலாக இருப்பதில்லை. இருவர் சேர்ந்து செய்யும் செயலில் ஒருவர் மற்றவருக்குத் தெரிவிக்காமல் தம் பங்கை மாற்றிவிட்டார் என்பதே நடந்தது.

மருத்துவமனை அதிகச் சர்க்கரையைவிடத் தாழ்சர்க்கரைக்கு அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்து, 2009இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில், சர்க்கரையை 81 முதல் 108 வரை இறுக்கிப் பிடித்தவர்களுள் 27.5 விழுக்காட்டினரும், 180க்குள் இருந்தால் போதும் என்று விடப்பட்டவர்களுள் 24.9 விழுக்காட்டினரும் 90 நாட்களில் இறந்தனர். எனவே, வீட்டில் 100ஐ ஒட்டி வைத்திருந்தவருக்கு வார்டில் 170 என்பது தோல்வியாகத் தோன்றும். மருத்துவருக்கோ அது இலக்குக்குள் இருக்கும் எண். இருவரும் தத்தம் நிலையில் சரியே.

இவற்றையெல்லாம் விடக் கூர்மையான கேள்வி சமய நம்பிக்கையைப் பற்றியது. சமண நோயாளி இரவில் உண்ணமாட்டேன் என்றாலும், இஸ்லாமிய நோயாளி ஹலால் உணவே வேண்டும் என்றாலும், பிராமணப் பாட்டி பூண்டு வேண்டாம் என்றாலும், மருத்துவமனை காரணம் கேட்காமல் இயன்றவரை இணங்குகிறது; சைவ உணவுக்காரரிடம் முட்டையின் புரதச் சத்தைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை. அதே மருத்துவமனை, தன் உடலில் பலமுறை சோதித்து அறிந்ததைச் சொல்லும் நோயாளியை ‘அடம் பிடிக்கிறார்’ என்கிறது. சோதிக்க முடியாத நம்பிக்கைக்குக் கிடைக்கும் மரியாதை சோதித்த அனுபவத்துக்குக் கிடைக்காதது ஏன்?

அநியாயமாகத் தோன்றும் இந்த வேறுபாட்டில் ஒரு நியாயமும் உண்டு. விரதம் அதன் பயனைக் கொண்டு நிற்பதில்லை; நோற்பவருக்கும் அவர் நம்பும் இறைவனுக்கும் இடையிலான பிணைப்பில் நிற்கிறது. அதைத் தளர்த்தும் அதிகாரமும் அந்தச் சமயத்துக்குள்ளிருந்தே வரவேண்டும். நோயுற்றவர் நோன்பைப் பின்னர் நிறைவு செய்யலாம் என்ற சலுகையைக் குர்ஆனே தருவது இதற்குச் சான்று. மாவுச்சத்தைக் குறைக்கும் பத்தியமோ, இவ்வுடலில் இவ்வுணவு இன்ன விளைவைத் தருகிறது என்ற அறிவின்மேல் நிற்பது. அறிவாக மதிக்கப்பட வேண்டும் என்று கோருவது, உடல் மாறினால் திருத்தப்படவும் இசைய வேண்டும்.

உடல் மருத்துவமனையில் மாறத்தான் செய்கிறது. தொற்றும் காய்ச்சலும் அறுவையின் அதிர்ச்சியும் சர்க்கரையை ஏற்றுகின்றன. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து செலுத்தப்பட்டால், ஒரு கவளம் சோறு உண்ணாதவருக்கும் அது எகிறும். இன்னும் நுட்பமான ஆபத்தும் உண்டு. மாவுச்சத்தைக் குறைத்தவரின் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்னும் பொருளை உண்டாக்குவது இயல்பு; அவர் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை உட்கொள்பவராகவும், அறுவைக்காக வெறும் வயிற்றில் வைக்கப்பட்டவராகவும் இருந்தால், அதே கீட்டோன் பெருகி இரத்தத்தை அமிலமாக்கிவிடலாம். இதனால்தான் அம்மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்துகின்றனர். அந்நிலையில் குளுக்கோமீட்டர் 160 என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும். நோயாளி இத்தனை ஆண்டுகள் நம்பிய கருவி அங்கு ஒன்றையும் சொல்லாது. மாவுச்சத்தைக் குறைத்தவர் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருந்தால், அவர் இரத்தத்தில் கீட்டோனை அளந்து பார்ப்பார்; தெரியாவிட்டால், சர்க்கரை நன்றாகவே இருக்கிறது என்று அடுத்த படுக்கைக்கு நகர்வார்.

இதிலிருந்து கடமை இருதரப்புக்கும் பிரிகிறது. நோயாளி தாம் எதை உண்கிறார், எதை விடுகிறார், எந்த மாத்திரையை எந்த அளவில் எடுக்கிறார் என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லக் கடமைப்பட்டவர்; மருத்துவர் அதைக் கேட்டு, ஒன்று தட்டுக்கேற்ப இன்சுலினைக் குறைக்க, அல்லது இப்போது இப்பத்தியம் ஏன் பொருந்தாது என்பதைக் காரணத்தோடு சொல்லக் கடமைப்பட்டவர். நோயாளிக்கு நினைவு தப்பினால் இக்கடமை சரகரின் மூன்றாம் காலாகிய பணிவிடை செய்பவரிடம், அதாவது உடனிருப்பவரிடம் போகிறது. வெளி உணவு கூடாது என்ற அறிவிப்புக்கு அஞ்சி முட்டையை மறைத்த அதே கையிடம். அவர் அஞ்சாமல் பேச வேண்டுமானால், அப்பேச்சுக்குச் சேர்க்கைத் தாளில் இடம் இருக்க வேண்டும். சைவம், அசைவம், உப்பில்லா உணவு என்று வகை பிரிக்கும் சமையற்கூடச் சீட்டில் இதை எழுதினால் சீட்டு சமையற்காரரோடு நின்றுவிடும். வீட்டில் ஒரு வேளைக்கு எத்தனை இட்லி, அதற்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்ற குறிப்பு, செவிலியர் ஊசியை எடுக்குமுன் பார்க்கும் மருந்துத் தாளில் எழுதப்பட வேண்டியது.