தந்தையே நேரில் வந்தார்



பிரணவத்தின் பொருள் அறியாத பிரமனைத் தலையிற் குட்டிச் சிறையிலிட்டார் பாலமுருகன். நந்திதேவர் தூது சென்றும் கோபம் தணியவில்லை. ஈற்றில் சிவபெருமானே மைந்தனிடம் எழுந்தருளினார். பிரமனை விடுவிக்கும்படி கூறினார், அதில் விட்டுக்கொடுக்கவில்லை. முருகன் பணிந்தார். அதன்பின் தந்தை மைந்தனை அணைத்து, அவரிடமே பிரணவப் பொருளைக் கேட்டார் என்கின்றது கந்தபுராணம்.

நம் வீடுகளிலும் நினைத்தவுடன் அடிக்கின்ற, பறிக்கின்ற, எறிகின்ற பிள்ளைகள் உண்டு. "வாத்தியாரிடம் சொல்லுவேன்" என்று பயமுறுத்துகின்றோம். கோயில் வீதியில் நாலுபேர் பார்க்க அடித்து, "குழப்படிகாரன்" என்று பெயரும் சூட்டுகின்றோம். தன்னை அடக்கும் ஆற்றல் சில பிள்ளைகளுக்கு மெதுவாகவே வளர்கின்றது. அது அவர்கள் குற்றமன்று. கை ஓங்கும் நாமும் அந்நேரம் நம்மை அடக்காதவர்களே.

பிள்ளையிடம் நீங்களே செல்லுங்கள். கோபம் ஆறும்வரை பக்கத்தில் இருங்கள். பறித்ததைத் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். பின்னர் மடியில் இருத்தி, அவன் சொல்வதைக் கேளுங்கள். தொல்லை நீடித்தால் வைத்தியரை நாடத் தயங்கவேண்டாம்.

தந்தைக்கு உபதேசித்த தகப்பன்சாமி, நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் பொறுமையைத் தந்தருள்வாராக.