பிள்ளையின் கலையும் பெற்றோரின் கடமையும்

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், "அப்பா, நான் திரைப்படத்தில் நடிக்க விரும்புகிறேன்" என்கிறாள் எனக் கொள்வோம். சில இல்லங்களில் முதலில் எழுவது அச்சம். "நம் குடும்பத்திற்கு இது ஆகுமா?" என்பார் பாட்டியார். வேறு சில இல்லங்களில் எழுவதோ ஆசை. பிள்ளையினும் முந்திக்கொண்டு பெற்றோர் ஓடுவர். தடுத்தலும் துரத்துதலும் ஒன்றற்கொன்று எதிரானவை போலத் தோன்றும். ஆயினும், இரண்டிலும் பிள்ளையின் மனத்தை எவரும் பொறுமையுடன் கேட்பதில்லை. அங்ஙனமாயின், துணை நிற்றல் என்பது யாது?

நடிப்பை இழிந்த தொழிலென ஒதுக்குதல் நமக்குப் பொருந்தாது. துறவியாகிய இளங்கோவடிகளே சிலப்பதிகாரத்தில் ஆடலாசானின் தகுதி முதல் அரங்கின் அளவு வரை விரித்துரைத்துள்ளார். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். கலைக்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதற்கு இது சான்று. ஆனால், அதே காதையின் முடிவில் அவளது மாலை 1008 கழஞ்சு பொன்னுக்கு நகர வீதியில் விலை கூறப்படுகிறது. மாலையை வாங்குபவனே மாதவிக்கு உரியவன். அவன் யார் என்பதைப் பொன்னே முடிவு செய்கிறது.

இது பழங்காலத்தோடு போன செய்தியன்று. 1921-இல் சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்ற சிறுவன் ஜாக்கி கூகன், வளர்ந்து ஆளானபின் தன் வருவாயைக் கேட்டபோது, அதில் பெரும்பகுதி செலவழிந்து போயிருந்தது. 1938-இல் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் அவர் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக, சிறார் நடிகரின் வருவாயில் ஒரு பகுதியைக் காக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் 1939-இல் இயற்றியது. பெற்ற தாயை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறிய துயரத்தை எந்தச் சட்டம் ஈடு செய்யும்?

நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, 14 வயது நிறையாத சிறாரை நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் நடிக்கச் செய்யலாகாது. ஓய்வின்றி 3 மணி நேரத்திற்கு மேலும் ஆகாது. வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு பிள்ளையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாக இடப்படல் வேண்டும். பிள்ளையின் விருப்பத்திற்கு மாறாகப் பங்கேற்கச் செய்தலும் கூடாது. பதினான்கைக் கடந்தவர்க்கு இவ்விதிகள் அப்படியே பொருந்தா. அங்கே பெற்றோரின் மனச்சான்றே விதியாதல் வேண்டும்.

ஆகவே, துணை நிற்றல் என்பது பிள்ளையின் "மாட்டேன்" என்னும் சொல்லைக் காத்தலே. நகையை அடகு வைத்து, வேலையைத் துறந்து, நகரத்தில் குடியேறும் தந்தையின் தியாகம் பெரிதே. ஆனால், அதன்பின் அம்மகளால் "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்ல இயலுமா? குடும்பத்தின் கடன் முழுதும் அவள் தோளில் ஏறிவிடுகிறதன்றோ? திரும்பி வர இயலாத அளவுக்குச் செலவிடுதல் உதவியன்று, அது கட்டு.

"எளிதில் திரும்பலாம் எனின் விடாமுயற்சி எங்ஙனம் வளரும்?" என்று கேட்கலாம். வாக்குக் கொடுக்குமுன் மறுப்பது உரிமை. கொடுத்தபின் தக்க காரணமின்றி விலகுவது பிழை. இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்குக் கற்பித்தல் வேண்டும். புலால் உண்ணும் காட்சி, மது விளம்பரம் போன்றவற்றில் நம் பிள்ளை உடன்படாள் எனின், அதைப் படப்பிடிப்புத் தளத்தில் அன்று, ஒப்பந்தத்திற்கு முன்னரே இயக்குநரிடம் கூறுவதே நேர்மை. வாய்ப்புத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகி நிற்க வேண்டும். நடிப்பவர்க்கு ஊதியம் தருவதே முறை. அவரிடம் பணம் பெறுதல் முறையன்று. பள்ளிப் படிப்பும் இடையறாமல் தொடர்தல் வேண்டும்.

நடிகர் தேர்வுக்குச் செல்வோருள் தேர்ந்தெடுக்கப்படுபவர் சிலரே. தேறாமல் வீடு திரும்பும் மாலையில், "நான் அன்றே சொன்னேன்" என்றோ, "உனக்காக எவ்வளவு செலவிட்டோம்" என்றோ கூறாமல், உணவு பரிமாறி அருகில் அமரும் தாயே அப்பிள்ளைக்குப் பெருந்துணை. மறுநாள் மீண்டும் முயல்வதா, விட்டுவிடுவதா என்பதை அவளே சொல்லட்டும். அதைக் கேட்கும் பொறுமை நமக்கு உண்டா என்பதை, நம் இல்லங்களில் இக்கேள்வி எழுமுன்னரே எண்ணிப் பார்ப்போமாக.