உத்தரவு கேட்பது

எங்கள் கங்கைகொண்டான் பக்கத்தில் பெரியவர்கள் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது "உத்தரவு வாங்கிக்கிடுதேன்" என்பார்கள். கோயில் கொடைக்குக் கால்நாட்டும் முன் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். கிணறு தோண்ட இடம் பார்த்தாலும், பழைய மரம் ஒன்றை வெட்ட வேண்டி வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: உத்தரவு கிடைச்சிட்டா? மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் திறந்தபோது அங்கே தொழில் செய்யப் போனவன் நான். பிறகு அரசுத் தரப்பில் மின்பாதை வழக்குகளைப் பார்க்கத் தொடங்கினேன். அந்தச் சொல் எனக்கு வேறு மாதிரிப் பழகிவிட்டது. எண், தேதி, கையொப்பம், முத்திரை இருந்தால் உத்தரவு. அது கேட்கிற பொருள் என்பதே மறந்துபோய், போடுகிற பொருளாகிவிட்டது. 2012 ஆடியில் ஓர் ஆச்சி அதை நினைவுபடுத்தினார்.

2012 எப்படிப்பட்ட வருஷம் என்று தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்குத் தெரியும். கரண்டு போகும் நேரத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, இருக்கும் நேரத்தை எண்ணினோம். மாவு அரைக்க, தண்ணீர் பாய்ச்ச, பிள்ளைகள் படிக்க எல்லாவற்றுக்கும் ராத்திரியில் விழித்திருந்தோம். அதே ஆடியில் கயத்தாறு பொட்டலில் காற்று ஆளைத் தள்ளும். காற்றாலைகள் சுற்றத் தயாராக நிற்கும். அவை தருவதை வடக்கே தூக்கிக்கொண்டு போகப் போதுமான மின்பாதை கிடையாது. பாதை நெரிந்தால் ஆலையை நிறுத்தச் சொல்வார்கள். ஆகவே புதிய பாதை வேண்டும் என்று நான் வாதாடியது சம்பளத்துக்காகச் சொன்னது இல்லை. மனசார நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊர் சிப்காட்டிலேயே டாடா பவரின் 4.3 கிகாவாட் சூரியத் தகடு ஆலை நிற்கிறது. இத்தனையும் கம்பி இல்லாமல் ஊர் போய்ச் சேராது.

அப்படி ஒரு பாதை சிற்றாற்றுக்கு வடபுறம் ஒரு கரிசல் காட்டைக் கடக்க வேண்டியிருந்தது. சிலர் மறித்தார்கள். ஆட்சேபத்தைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்ததால் ஒரு விசாரணை நடந்தது. அதற்கு நானும் போயிருந்தேன்.

ஆச்சிக்கு எழுபது வயது இருக்கும். மஞ்சள் துணிப்பையிலிருந்து பட்டாவையும் தீர்வை ரசீதுகளையும் எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினார். ரசீதுகளில் பாதி, மடிப்பில் கிழிந்து, ரேஷன் கார்டு உறைக்குள் செருகப்பட்டிருந்தன. அவர் காட்டில் ஒரு வேம்பும் ஏழு பனையும் பாதைக்குள் வந்தன. வேம்பு அவருடைய மாமியார் வைத்தது. அதன் அடியில் அவர்கள் வீட்டுச் சுடலைமாடன் பூடம். வெள்ளையடித்த பூடம், இடுப்பளவு உயரம். பக்கத்தில் துருப்பிடித்த வல்லயம் ஒன்று.

"கரண்டு வேண்டாம்னு நான் சொல்லலய்யா. எம் பேரனும் விளக்கு வச்சுத்தான் படிக்கான். ரூவா தாரோம்ங்கிய, சரி, அது பொறவு. மொதல்ல யாராவது வந்து அவன்ட்ட உத்தரவு கேட்டியளா? எங்கிட்டயாவது கேட்டியளா?"

"சட்டப்படி கேட்க வேண்டியதில்லை, ஆச்சி" என்றேன். குரலைத் தாழ்த்தி, மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் ரசீதுகளைத் திரும்ப அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

நான் சொன்னது சட்டப்படி சரி. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 164: மின்பாதை போடுகிறவருக்குத் தந்தி அதிகாரியின் அதிகாரத்தை அரசு வழங்கலாம். அந்த அதிகாரம் வருவது 1885ஆம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டத்திலிருந்து. வெள்ளைக்காரன் தந்திக் கம்பி இழுக்க எழுதிக்கொண்ட சட்டம். அதன் 10ஆம் பிரிவு ஒரு நுட்பம் செய்கிறது: நிலத்தை எடுப்பதில்லை, அதன் மேல் உபயோக உரிமையை மட்டும் எடுக்கிறது. பட்டா உங்கள் பெயரில் அப்படியே இருக்கும். தீர்வையும் நீங்கள்தான் கட்டுவீர்கள். ஆனால் 400 கிலோவோல்ட் பாதை என்றால் 46 மீட்டர் அகலத்துக்கு உயரமான மரம் வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. நிலத்தை எடுக்கவே இல்லை என்பதால் நிலக்காரரின் சம்மதம் என்ற பேச்சும் எழாது. எதிர்த்தால் 16ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவர் அனுமதி தரலாம். இழப்பீடு போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பெரிய கம்பெனியின் சுண்ணாம்புக்கல் நிலமானாலும், ஆச்சியின் கரிசல் காடானாலும் விதி ஒன்றுதான்.

தந்தி வந்தால் எங்கள் ஊரில் சாவுச் செய்தி என்று அர்த்தம். பிரித்துப் படிக்கும் முன்பே பெண்கள் அழ ஆரம்பிப்பார்கள். அந்தத் தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் மின்பாதைகளுக்காக மட்டும் பழைய சட்டத்தின் அந்தப் பகுதியை உயிரோடு விட்டுவைத்திருக்கிறார்கள். 2013ல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம் தனியார் திட்டம் என்றால் 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்றது, அரசு தனியார் கூட்டு என்றால் 70. சம்மதம் என்ற சொல் நம் நிலச் சட்டத்துக்குள் வந்துசேர்ந்த நேரம் அது. அதே சட்டத்தின் நான்காவது அட்டவணையில் விலக்குப் பெற்ற 13 சட்டங்கள் இருக்கின்றன. மின்சாரச் சட்டம் அவற்றில் ஒன்று.

இழப்பீட்டுக் கணக்கு அந்த விசாரணையில் சீக்கிரம் முடிந்தது. வேம்புக்கு இவ்வளவு, பனைக்கு இவ்வளவு, அந்தப் போகத்தில் நட்டமாகும் உளுந்துக்கு இவ்வளவு. பூடத்துக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கினார்கள். கடைசியில் செங்கல், சுண்ணாம்பு, கொத்தனார் கூலி என்று போட்டு ஒரு தொகை எழுதினார்கள். எங்கள் ஊர்க் கைலாசநாதர் என்றால் கதை வேறு. கோயில் மூர்த்தியைச் சட்டம் ஓர் ஆளாகவே பார்க்கிறது. 1925லேயே பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா வழக்கில் குடும்பத் தெய்வத்தின் விருப்பத்தைக்கூட அதன் சார்பில் ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்றது. காட்டு வேம்படியில் நிற்கும் மாடனுக்கு யார் வக்காலத்து போடுவது? ஆச்சி போட வந்தார். நான்தான் அதைப் புரிந்துகொள்ளவில்லை.

அந்த மாதம் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பாபநாசம் போனேன். மேலே அணையிலிருந்து வரும் தண்ணீர் அந்த வருஷம் குறைவு. பாவத்தை நாசம் செய்கிற துறை என்றுதான் பெயர். இந்தப் பொருநைப் பள்ளத்தாக்குக்கு மின்சாரமும் அங்கிருந்து வந்தது. 1944ல் தொடங்கிய பாபநாசம் மின்நிலையம், 32 மெகாவாட். பொருநை நீர் சுழலியைச் சுற்றிவிட்டு அப்படியே கீழே வந்து, கார் பயிருக்கும் பிசானத்துக்கும் பாயும். அதனால் அந்த மின்சாரத்தில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். தண்ணீரைத் திறப்பது மின்சாரத்தின் தேவைக்கா, வயலின் தேவைக்கா என்ற சண்டை வக்கீலான பிறகுதான் தெரிந்தது.

படித்துறையில் மூன்று முங்கு போட்டு எழுந்தபோது கேள்வி தெளிவாக வந்தது. இழப்பீடு கொடுத்தால் தீர்ந்ததா? சட்டம் தீர்ந்தது என்கிறது. தலத்தின் பெயரும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது: செய்ததற்கு ஒரு கழுவாய் உண்டு, செய், போ.

மனுநீதிச் சோழன் கதையைச் சேக்கிழார் பெரிய புராணத்தின் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறார். தேர்க்காலில் கன்று இறந்ததும் அமைச்சர்கள் நல்ல யோசனைதான் சொல்கிறார்கள்: பசுவைக் கொன்றால் வேதம் அறிந்தவர்கள் விதித்த கழுவாய் ஒன்று இருக்கிறது, இளவரசனைக்கொண்டு அதைச் செய்யலாம் என்று. அது அந்தக் காலத்து இழப்பீட்டு விதி. அரசன் மறுக்கிறான். அந்தக் கழுவாய் கன்றை இழந்த தாய்ப்பசுவின் நோவுக்கு மருந்தாகுமா என்பது அவன் கேள்வி. மகனைத் தேர்க்காலில் இட்ட முடிவைப் பற்றி எனக்குப் பேச்சு இல்லை. அது இன்று யாரும் போக முடியாத தூரம். அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டும். கழுவாய் செய்தவனுக்கு நிம்மதி தருகிறது. மணி அடித்த பசுவை அது தொடுவதில்லை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. அதைக் கடந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன். அங்கே நின்று அமைச்சர்களின் யோசனையைத்தான் நான் தினமும் தாக்கல் செய்துகொண்டிருந்தேன் என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு நிலக்காரர் வேண்டாம் என்றால் பாதையே நின்றுவிட வேண்டுமா என்று என்னை மடக்குவார்கள். வேண்டாம். ஒருவர் மறுப்பில் ஒரு மாவட்டம் இருளில் கிடப்பது அறம் ஆகாது. நான் சொல்வது மறுக்கும் உரிமையைப் பற்றி இல்லை. கேட்கப்படும் உரிமையைப் பற்றி. இரண்டும் ஒன்று என்று நினைத்ததுதான் என் பிழை. எங்கள் வீடுகளில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளையும் சிவப்பும் இலையில் மடித்துச் சாமி முன் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வேண்டாத பூ வந்தால் காரியம் நின்றுவிடாது. கொஞ்ச நாள் பொறுப்பார்கள், இடம் மாற்றுவார்கள், மறுபடி கேட்பார்கள். கேட்கிறவன் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் நடக்கிறது, ஆனால் அதுதான் முக்கியம். பதில் எதுவானாலும் வரைபடம் மாறாது என்று முடிவு செய்துவிட்டு ஆட்சேபம் கேட்பது, இரண்டு மடிப்பிலும் ஒரே நிறப் பூவை வைத்துக் கட்டுவது போன்றது.

இந்தப் பாதையில் வேறு நிறப் பூவும் இருந்தது என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: நேராகப் போகிற பாதையில் கம்பியைத் தாங்க மட்டும் செய்கிற டவர் போதும், திரும்ப வேண்டுமானால் இழுவையைத் தாங்குகிற கோண டவர் வேண்டும், இரும்பு அதிகம், அடித்தளமும் பெரிது, செலவு கூடும். அந்த வேம்பை விட்டு விலகிப் போக ஒரு கோண டவர் கூடுதலாகப் போட்டிருந்தால் முடிந்திருக்கும் என்றார். தொழில்நுட்பம் தடுக்கவில்லை. யாரும் நேரத்தோடு அந்தக் காட்டில் நின்று கேட்கவில்லை, அதனால் அப்படி ஒரு வேம்பு இருப்பதே வரைபடத்துக்குத் தெரியவில்லை.

இதே அரசு மேற்கே வேறு மாதிரி நடந்ததையும் சொல்ல வேண்டும். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு கெயில் எரிவாயுக் குழாய் ஏழு மாவட்ட விவசாய நிலங்கள் வழியே வந்தபோது, 2013ல் விவசாயிகளின் கருத்தைக் கேட்டுவிட்டு, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று தமிழக அரசு சொன்னது. அப்படிச் சொல்ல மாநிலத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தில் அந்த நிலைப்பாடு தோற்றது. தோற்ற பக்கத்தில்தான் கேட்டல் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்.

பணத்தைப் பொறுத்தவரை சட்டம் கற்றுக்கொண்டுதான் வருகிறது. 2015ல் மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் டவர் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதமும், கம்பி போகும் பட்டைக்கு 15 சதவீதம் வரையும் என்றது. 2024 ஜூனில் அது 200 ஆகவும் 30 ஆகவும் உயர்ந்தது. நல்லது, இதற்காகப் போராடியவர்களுக்கு என் கும்பிடு. ஆச்சிக்குக் கிடைத்தது மரத்துக்கும் உளுந்துக்கும் பூடத்தின் செங்கலுக்கும் உரிய தொகை. அவர் கேட்ட கேள்விக்கு எந்த வருஷத்து வழிகாட்டுதலிலும் சதவீதம் இல்லை.

ஆச்சி இறந்துபோனார். பூடத்தைக் காட்டின் வடக்கு ஓரத்துக்கு மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், மேலே தகரக் கூரை. கொடைக்கு உயரப் பந்தல் போடுவதில்லை. போன சித்திரையில் நான் போய் நின்றேன். பேரன் திருநீறு தந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும், எதுவும் கேட்கவில்லை.

அரசுத் தரப்பில் இன்று மின்பாதை மனுக்களை எழுதுகிற இளம் வழக்கறிஞர்களே, உங்கள் மனுவில் பிரிவு 164க்கும் 16க்கும் முன்பாக ஒரு பத்தி சேருங்கள். எந்தத் தேதியில், யார், எந்த சர்வே எண்ணில் நேரில் நின்று கேட்டார்கள், அவர்கள் சொன்ன பதில் என்ன, அதற்காகப் பாதையில் என்ன மாற்றிப் பார்த்தோம் என்று அதில் எழுதுங்கள். அந்தப் பத்தியை எழுத முடியவில்லை என்றால் மனுவைத் தாக்கல் செய்யாமல், முதலில் அந்தக் காட்டுக்குப் போய் வாருங்கள்.