மருத்துவர் விலகும்போது

நோயாளி தம் மருத்துவரைக் காரணம் ஏதும் சொல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். மருத்துவருக்கு அந்த உரிமை அதே அளவில் இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டுத் தொழில் ஒழுக்க விதிமுறைகள், யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்பதைத் தீர்மானிக்கும் சுதந்திரத்தை மருத்துவருக்கு வழங்கும் அதே இடத்தில், ஒருவரை ஏற்றுக்கொண்ட பின் அவருக்கும் குடும்பத்தாருக்கும் போதிய முன்னறிவிப்புத் தராமல் விலகக் கூடாது என்றும் விதிக்கின்றன. சிகிச்சை தொடங்கியதும் நோயாளி அந்த ஒருவரை நம்பி வேறிடம் தேடுவதை விட்டுவிடுகிறார் என்பதே இந்தக் கட்டுப்பாட்டுக்கு நியாயம்.

முன்னறிவிப்பு எத்தனை நாளைக்கு என்று விதிமுறை வரையறுக்கவில்லை; அதுவும் நல்லதற்கே. சளிக்காக வந்தவர் மறுநாளே வேறு கிளினிக்கிற்குப் போய்விடலாம். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர் அப்படியல்லர்: மாத்திரை திடீரென நின்றால், ஒரு வலிப்பு ஓயுமுன் அடுத்தது தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகும் தொடர் வலிப்பு நிலை உண்டாகக்கூடும். ஆகவே, நரம்பியல் மருத்துவர் ஒருவரே உள்ள ஊரில் அவர் விலக நேர்ந்தால், வெளியூரில் இன்னொருவரைப் பார்க்கும் நாள்வரை போதுமான மாத்திரைக்குச் சீட்டு எழுதுவதும், மருந்தின் பெயர், அளவு, கடைசியாக வலிப்பு வந்த தேதி ஆகியவற்றைக் குறித்த கடிதத்தைக் கையில் தருவதும் முன்னறிவிப்பிலேயே அடங்கும். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது தனி விதி. இவை எதையும் செய்யாமல், நோயாளி வரும்போதெல்லாம் “டாக்டர் இல்லை” என்று வரவேற்பில் சொல்லவைத்து அவரே சலித்துப் போகும்படி விடுவது, சண்டை சச்சரவு இல்லாத வழியாகத் தோன்றினாலும், கைவிடுதலே.

காரணங்களில் எளிதானது வன்முறை. தாக்க வருபவருக்குத் தொடர்ந்து மருத்துவம் பார்க்குமாறு எவரும் கேட்க முடியாது. நோயாளி புகார் கொடுத்தார் என்ற ஒன்றுக்காக மட்டும் உறவை முறித்துக்கொள்ளக் கூடாது என்று பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் அறிவுறுத்துவதும் சரியே. சிக்கலானது, சொன்னபடி மருந்து சாப்பிடாத நோயாளியின் நிலை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மருத்துவரின் சோர்வு உண்மையானது என்றாலும், மாத்திரையின் விலையோ, இரவுப் பணியோ, வெளியில் சொல்லக் கூசும் பக்கவிளைவோ அந்த நோயாளியைத் தடுத்திருக்கலாம். அதைக் கேட்டறியாமல் ‘ஒத்துழைக்காதவர்’ என்று கோப்பில் எழுதி அனுப்புவது, சிகிச்சையின் ஒரு பகுதியைச் செய்யாமல் விட்டதற்குச் சமம். கேட்ட பின்னும், மருந்தை மாற்றிப் பார்த்த பின்னும் பலனில்லை எனில் விலகலாம். இன்னொருவரிடம் அந்த நோயாளி மனம் திறக்கவும் கூடும்.

முறைப்படி விலகிய பிறகும் ஒரு கடமை மிஞ்சுகிறது. விலகல் கடிதம் பெற்றவரே நள்ளிரவில் வலிப்புடன் தூக்கிவரப்பட்டால், உயிர் காக்கும் சிகிச்சையை மறுக்க அந்தக் கடிதத்தைக் காரணம் காட்ட முடியாது. அவசர நிலையில் உயிர்காப்பதே மருத்துவரின் முதற்கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.