தந்தையின் உடல் யாருடையது?

பாலக்காட்டின் கிழக்கெல்லை ஊர்களிலும் இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் முதியவர் ஒருவர் மறைந்தால், அழுகையோடு ஒரு வழக்கும் எழுவதுண்டு. உழைத்த மண்ணிலேயே அடக்கம் செய்வதா, எல்லைக்கு அப்பாலுள்ள பூர்விக ஊருக்குக் கொண்டு போவதா என்று பெற்ற மக்களே இரு பக்கமாகப் பிரிந்து நிற்பர். பெரியவர்கள் தலையிட்டு ஏதோ ஒன்றை முடிவு செய்வர். உடல் மண்ணுக்குள் போய்விடும், மனத்தாங்கல் போவதில்லை.

இத்தகைய பூசலொன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றதை நாம் அண்மையில் கண்டோம். கேரளப் பொதுவுடைமை இயக்கத்தின் மூத்த தலைவரும், 1980ஆம் ஆண்டில் இடுக்கித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான எம்.எம். லாரன்ஸ், 2024 செப்டம்பர் 21 அன்று தம் 95ஆம் வயதில் காலமானார். தம் உடல் மருத்துவ மாணவரின் கல்விக்குப் பயன்பட வேண்டுமென அவர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார் என்றார் மகன். மகள் ஒருவரோ, தந்தை அவ்வாறு விரும்பியவர் அல்லர், கிறிஸ்தவ முறைப்படியே அடக்கம் செய்ய வேண்டும் என்று நின்றார். அஞ்சலிக்காக எறணாகுளம் நகர மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்த உடலருகிலேயே தள்ளுமுள்ளு நேர்ந்தது.

கேரள உடற்கூற்றியல் சட்டம் 1957ஆம் ஆண்டினது. சாட்சிகள் முன்னிலையில் வாயால் சொன்ன விருப்பத்தையும் அது ஏற்கிறது. உயர் நீதிமன்றம் அக்டோபரிலும், மேல்முறையீட்டில் டிசம்பரிலும், உடற்கொடைக்கு எதிரான மனுக்களைத் தள்ளியது. இடையே சமரச முயற்சியும் நடந்து பயனற்றுப் போயிற்று. 2025 சனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அத்தனை காலமும் உடல் மருத்துவக் கல்லூரியிலேயே இருந்தது.

இறந்தவரின் சொல்லே நிற்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அம்மகளைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. தந்தை தன்னிடம் சொல்லாத ஒன்றைப் பிறரிடம் சொன்னார் என்று, அவர் இறந்தபின் கேட்க நேர்வது சிறிய துயரமா? அவரைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. உடன்பிறந்தோர் எதிர்த்தரப்புச் சாட்சிகளாகி விடுகின்றனர். வழக்கின் பெயர் அடக்கம். உள்ளே நடப்பதோ, தந்தையை உண்மையில் அறிந்தவர் யார் என்னும் போட்டியே அன்றோ!

நிற்க. பகவானின் உடலுக்கு ஆற்ற வேண்டுவது யாது என்று ஆனந்தர் வினவினார். துறவியர் அதில் ஈடுபட வேண்டா, பக்தியுள்ள இல்லறத்தார் பார்த்துக்கொள்வர் என்பதே கிடைத்த விடை. மகாபரிநிர்வாண சூத்திரம் இதனைக் கூறுகிறது. இவ்வளவு தெளிவாகச் சொல்லிச் சென்ற பின்னும் நடந்தது யாது? குசிநகரத்து மல்லர் அஸ்தியைத் தர மறுத்தனர். பிற நாட்டார் உரிமை கோரிப் போருக்கே துணிந்தனர். துரோணர் என்னும் அந்தணர் குறுக்கிட்டு எட்டுப் பங்காகப் பிரித்தளித்தார். பங்கு பெற்றவர் தத்தம் ஊரில் தூபி எழுப்பினர். அவர்களை அறிவிலிகள் என்று நாம் தள்ளிவிடலாகாது. வணங்கி நிற்க ஓர் இடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

உடற்கொடையில் துரோணரின் வழி இல்லை. கல்லறையும் இல்லை, ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏற்ற ஒரு கல்லும் இல்லை. தம் உடலைத் தானமாக அளிப்பவர், மக்கள் சென்று அழக்கூடிய இடத்தையும் சேர்த்தே அளித்துவிடுகிறார். தம் உடலை அளிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அழும் இடத்தில் மக்களுக்கும் பங்குண்டு என்பதே நம் கருத்து.

நம் அன்பர்களிலும் உடற்கொடையை எண்ணுவோர் இருக்கக்கூடும். படிவத்தில் கையொப்பமிடும் நாளன்று அருகிலிருக்கும் மகனை மட்டும் சாட்சியாக்காமல், தொலைவில் வாழும் மகளையும், பேச்சு நின்றுபோன மகனையும் அழைத்துச் சொல்லலாம். ஒருவர் மறுத்து அழுதால், அந்த அழுகைக்கு விடை சொல்லத் தந்தை அன்று உயிரோடிருப்பார்.