உறைமோருக்கு என்ன விலை?

செந்துறைப் பக்கம் ஒரு வீட்டில் ராத்திரி உறைமோர் தீர்ந்துபோனால் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டில் கேட்பார்கள். ஒரு கரண்டி கிடைக்கும். அதற்குக் காசு கேட்டால் ஊரே சிரிக்கும்.

உறைமோரில் உள்ள பாக்டீரியாவின் என்சைம்கள்தான் பாலைத் தயிராக்குகின்றன. இப்போது மருந்து செய்யவும் என்சைம்களைக் கூப்பிடுகிறார்கள். நியூக்ளியோசைடு என்பது டி.என்.ஏ. கட்டடத்தின் செங்கல் மாதிரி. அதைப்போலவே ஒரு போலிச் செங்கல்லைக் கொடுத்தால் எய்ட்ஸ் கிருமி ஏமாந்துவிடும், பெருக முடியாது. அப்படி ஒன்றான இஸ்லாட்ராவிரை 2019-ல் மெர்க் விஞ்ஞானிகள் ஒன்பது என்சைம்களை வைத்துத் தண்ணீரிலேயே செய்து காட்டினார்கள்.

தயாரிப்புச் செலவு குறைந்தால் விலை குறைந்துவிடுமா? அவசியமில்லை. எய்ட்ஸுக்கான மூன்று மருந்துக் கூட்டு, மேல்நாடுகளில் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2001-ல் நம்ம ஊர் சிப்லா அப்படியொரு கூட்டை ஒரு தொண்டு அமைப்புக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. மருந்துக்கே காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டும் தந்த 1970-ம் வருடச் சட்டம் அதற்குக் கைகொடுத்தது. 2005-லிருந்து அந்தச் சலுகை இல்லை.

‘கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாமா சார்?’ என்பீர்கள். கட்டாயம் வேண்டும். உழைப்பு சும்மா வராது. ஆனால், வேண்டாம் என்று திரும்பிப்போக முடிகிறவனிடம் கேட்பதுதான் விலை. வாங்காவிட்டால் செத்துப்போவான் என்று தெரிந்தே கேட்பதற்கு என்ன பெயர்?

நீங்களே சொல்லுங்கள்.